அச்சு யார் கையில்? 'பறையன்', 'தமிழன்' இதழ்களும் நமது பதிப்பு வரலாறும்

(கேளம்பாக்கத்தில் நிகழ்த்தப்பட்ட நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு நமது அச்சு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். நம் மக்கள் பேசினார்கள், பாடினார்கள், போராடினார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம் மக்கள் அச்சகம் வைத்திருந்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள், சந்தா வசூலித்தார்கள், நூல் பதிப்பித்தார்கள் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர் இருக்கிறது. இந்த வட்டாரத்திலிருந்து தினமும் பலர் அங்கே மருந்து வாங்கப் போகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் சித்த மருத்துவர் என்று அவர்களுக்குத் தெரியும். ஏழு ஆண்டுகள் வாரம் தவறாமல் ஒரு பத்திரிகையை நடத்திய ஆசிரியர், பதிப்பாளர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1. அச்சு வந்தது, யாரிடம் வந்தது?

தமிழில் அச்சு வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகம் வந்தது. 1761இல் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றப்பட்ட அச்சு எந்திரம் சென்னை வேப்பேரிக்கு வந்து சேர்ந்தது. பிறகு அமெரிக்க மிஷன் அச்சகம். அங்கே பி.ஆர். ஹண்ட் என்ற அமெரிக்க அச்சாளர் தமிழ் எழுத்துருக்களைச் சிறிதாகவும் தெளிவாகவும் வார்ப்பித்தார். வின்சுலோவின் பெரிய தமிழ் அகராதி 1862இல் அவருடைய அச்சகத்திலிருந்துதான் வெளிவந்தது.

1835 வரை இந்தியர்கள் அச்சகம் நடத்துவது எளிதாக இருக்கவில்லை. அந்த ஆண்டு கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் சென்னையில் தமிழர்களின் அச்சகங்கள் பெருகின. யாருடைய அச்சகங்கள்? கையில் முதலும் படிப்பும் இருந்தவர்களுடையவை. புராணங்களும் தலபுராணங்களும் பஞ்சாங்கங்களும் அச்சேறின. சாதி வரலாறுகள் அச்சேறின. ஒவ்வொரு மேல்சாதியும் தன் பெருமையை ஈய எழுத்தில் கோத்துக்கொண்டது. சேரியைப் பற்றியும் எழுதினார்கள். எழுதியவர்கள் சேரிக்கு வெளியே இருந்தவர்கள்.

அச்சகம் நடுநிலையான கருவி என்று சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் தொடக்ககால அச்சாளர்களில் மிகப் புகழ்பெற்றவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1729 முதல் பிலடெல்பியாவில் 'பென்சில்வேனியா கெசட்' என்ற பத்திரிகையை நடத்தினார். அதில் அடிமைகளை விற்கும் விளம்பரங்களும், தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தரக் கோரும் விளம்பரங்களும் காசுக்கு வெளிவந்தன. அதே பிராங்க்ளின்தான் 1737இல் பெஞ்சமின் லே எழுதிய அடிமை எதிர்ப்பு நூலையும் அச்சிட்டார். ஆனால் அதில் அச்சாளர் என்று தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. முதுமையில் அவர் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார் என்பதும் உண்மை. ஆனாலும் ஓடிப்போன அடிமைக்கு அந்தப் பத்திரிகையில் பெயரும் அங்க அடையாளமும் பிடித்துத் தருபவருக்கான வெகுமதியும்தான் இடம்பெற்றன. அவன் ஏன் ஓடினான் என்று அவனே சொல்ல இடம் இல்லை.

கறுப்பின மக்களே நடத்திய முதல் அமெரிக்கப் பத்திரிகையான 'பிரீடம்ஸ் ஜர்னல்' 1827இல்தான் நியூயார்க்கில் வந்தது. அடிமையாகப் பிறந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ், 1847இல் 'நார்த் ஸ்டார்' பத்திரிகையைத் தொடங்கினார். இங்கிலாந்து நண்பர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தில் தனக்கென்று அச்சகம் வாங்கினார். உனக்குத் தனிப் பத்திரிகை எதற்கு, எங்கள் பத்திரிகையிலேயே எழுதலாமே என்று அடிமை ஒழிப்பு இயக்கத்தின் வெள்ளை நண்பர்களே அவரைத் தடுத்துப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை.

2. செங்கல்பட்டு மண்ணிலிருந்து

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டுச் சேரி எப்படி இருந்தது? நிலம் மிராசுதார்களிடம் இருந்தது. நம் மக்கள் படியாட்கள். கூலி தானியமாக அளக்கப்பட்டது. குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் குடிசையிலிருந்தே வெளியேற்ற முடியும். இதையெல்லாம் 1891இல் அன்றைய மாவட்ட ஆட்சியர் திரெமென்ஹீர் அறிக்கையாக எழுதி அரசுக்கு அனுப்பினார். 1892இல் வந்த அரசாணையின் வழியாக நிலம் ஒதுக்கும் ஏற்பாடு உருவாயிற்று. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான்.

அந்த அரசாணை வந்த மறு ஆண்டு, 1893 அக்டோபரில், செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் 'பறையன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நான்கு பக்கம், மாத இதழ். தொடக்கத்தில் விளம்பரத்துக்கும் அச்சுக் கூலிக்கும் அவர் செலவிட்டது பத்து ரூபாய். முதல் இதழின் 400 பிரதிகள் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்தன என்று 1939இல் வெளியிட்ட தன் வாழ்க்கைச் சரித்திரச் சுருக்கத்தில் பதிவு செய்திருக்கிறார். மூன்று மாதத்தில் அது வார இதழானது. இரண்டு ஆண்டுகளில் அதற்கென்று அச்சகமும் அமைந்தது. 1900 வரை ஏழு ஆண்டுகள் நடந்தது.

பெயரைக் கவனியுங்கள். எந்தச் சொல்லைச் சொல்லி நம்மைத் தெருவில் நிறுத்தினார்களோ, அதே சொல்லைப் பத்திரிகையின் தலையில் கொட்டை எழுத்தில் அச்சிட்டார். பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது, நான் இன்னார் என்று முன்வந்து நின்றால்தான் உரிமை கேட்க முடியும் என்பது அவருடைய வாதம். கடையில் பத்திரிகை வாங்குபவர் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லித்தான் கேட்க வேண்டும். தபால்காரர் அந்தப் பெயரைப் படித்துத்தான் கொடுக்க வேண்டும். வசைச்சொல்லாக இருந்தது விலாசமாக மாறிற்று.

பத்திரிகை என்ன சாதித்தது? ஒரு நிகழ்ச்சி போதும். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரியது. 1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றமும் அதற்குச் சாதகமாகத் தீர்மானித்தது. இந்தியாவிலேயே தேர்வு வைத்தால் பதவிக்கு வரப்போவது யார், அவர்கள் ஆட்சியில் சேரி என்னவாகும் என்று 'பறையன்' கேட்டது. அந்த டிசம்பரில் சென்னை வெஸ்லி மிஷன் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமுள்ள மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. அந்த நிலைப்பாடு சரியா என்று நாம் இன்று விவாதிக்கலாம். ஆனால் பத்திரிகை தொடங்கிய மூன்று மாதத்துக்குள் மூவாயிரத்துக்கும் அதிகமான கையெழுத்துகளைத் திரட்டியதைக் கவனிக்காமல் விட முடியாது. அச்சு இல்லாமல் அந்த வேகம் சாத்தியமில்லை.

3. அச்சகம் ஏன் சொந்தமாக இருக்க வேண்டும்?

இங்கே தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் பேச வேண்டும். கணினியில் தட்டச்சு செய்து நிமிடத்தில் பரப்பும் மாணவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அன்று ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஈயக் கட்டை. மரப்பெட்டியின் அறைகளில் அவை கிடக்கும். அச்சுக்கோப்பவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலம் மாறிய வரியாகக் கோப்பார். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, அதில் சிறியதும் பெரியதும். தமிழுக்கு உயிர்மெய்களும் கொம்பும் காலும் சேர்ந்து அறைகள் பலமடங்கு. பக்கம் கோத்து, மெய்ப்புப் பார்த்து, திருத்தி, எந்திரத்தில் ஏற்றி அடித்தபின், எழுத்துகளைக் கலைத்து மறுபடி அந்தந்த அறையில் போட வேண்டும். அப்போதுதான் அடுத்த இதழைக் கோக்க முடியும். நான்கு பக்க வார இதழ் என்றால் வாரம் முழுவதும் ஒருவர் நின்றபடி செய்யும் வேலை.

பிறர் அச்சகத்தில் இதைச் செய்தால் என்ன ஆகும்? கல்யாணப் பத்திரிகை வந்தால் நம் இதழ் பின்னுக்குப் போகும். கூலி பாக்கி இருந்தால் கோத்த பக்கம் அப்படியே கிடக்கும். இவற்றையும் சமாளிக்கலாம். பெரிய தடை சட்டத்தில் இருந்தது. 1867ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டப்படி ஒவ்வொரு வெளியீட்டிலும் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்க வேண்டும். வழக்கு வந்தால் அச்சிட்டவரும் பதில் சொல்ல வேண்டும். சேரிக்காரன் எழுதியதற்காக நான் ஏன் நீதிமன்றம் ஏற வேண்டும் என்று ஓர் அச்சக உரிமையாளர் நினைத்தால், கட்டுரை அங்கேயே செத்துவிடும். அதற்குத் தணிக்கை அதிகாரி தேவையில்லை.

வழக்கு வராமலும் இல்லை. இதழில் வந்த ஒரு கடிதத்துக்காகச் சீனிவாசன் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. நூறு ரூபாய் அபராதம். அங்கே திரண்டிருந்த நம் மக்கள் அதைக் கட்டினார்கள். அன்றைய நூறு ரூபாய் எளிய தொகையில்லை. பத்து ரூபாயில் தொடங்கிய பத்திரிகைக்காக மக்கள் நூறு ரூபாய் கட்டினார்கள்.

நம் நாட்டில் எங்கும் இதே கதைதான். ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' எழுதி, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். பாபாசாகேப் 1920 ஜனவரி 31இல் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தை வெளியிடத் திலகரின் 'கேசரி' மறுத்தது. பின்னாளில் அவரும் சொந்த அச்சகம் அமைத்தார்.

4. ஒரு பைசாவின் கணக்கு

சீனிவாசன் 1900இல் கடல் கடந்தார். தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் இருந்தார். 'பறையன்' நின்றது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1907 ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. ஆசிரியர் க. அயோத்திதாசப் பண்டிதர். அப்போது அவருக்கு வயது 62. அவருக்குப் பத்திரிகை புதிதல்ல. 1885இலேயே ஜான் இரத்தினத்துடன் சேர்ந்து 'திராவிட பாண்டியன்' நடத்தியவர். அவர் சீனிவாசனின் சகோதரியை மணந்தவர். மைத்துனர்களாக இருந்தும் பெயரில் இருவரும் ஒத்துப்போகவில்லை. 'பறையன்' என்பது எதிரிகள் சூட்டிய பெயர், அதை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது பண்டிதரின் கேள்வி. இந்த மண்ணின் பூர்வ பௌத்தர்கள் நாம், சாதிபேதமற்ற தமிழர்கள் நாம் என்பது அவர் கண்ட விடை. அதனால்தான் 'தமிழன்'. இழிபெயரை ஏந்தி நிமிர்வதா, உதறி எறிவதா என்ற விவாதம் இன்றும் நம்மிடையே நடக்கிறது. அதை நம் முன்னோர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இரண்டு பத்திரிகைகளின் தலைப்புகளாகவே வைத்து நடத்தினார்கள்.

ஒரு பைசா என்றால் அன்றைய காலணா. ரூபாயில் 64இல் ஒரு பங்கு. நான்கு பக்கம். 1908 ஆகஸ்டில் 'ஒரு பைசா' உதிர்ந்து 'தமிழன்' என்ற பெயர் நின்றது. முதலில் வெளி அச்சகத்தில் ஏறிய இதழ், பின்னர் கௌதம அச்சுக்கூடம் என்ற சொந்த அச்சகத்தில் ஏறியது. 1910இல் வந்த அச்சகச் சட்டம், புதிதாக அச்சகம் வைப்பவரிடம் 500 முதல் 2,000 ரூபாய் வரை பிணைத்தொகை கேட்க வழிசெய்தது. ஒரு பைசா விலைக்குப் பத்திரிகை விற்பவர்களுக்கு அது எப்படிப்பட்ட மிரட்டல் என்று எண்ணிப் பாருங்கள். 2,000 ரூபாய் என்பது 1,28,000 பிரதிகளின் விலை.

இந்தப் பத்திரிகைக்குக் காசு எங்கிருந்து வந்தது? நம் மாணவர்கள் ஆராய வேண்டிய இடம் இதுதான். தானியக் கூலி வாங்கும் படியாள் சந்தா கட்ட முடியாது. நெல்லைத் தபாலில் அனுப்ப முடியாது. சந்தா கட்டியவர்கள் ஊரை விட்டு வெளியேறி, ரொக்கக் கூலி பார்த்தவர்கள். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்கள், ரயில்வேயிலும் பட்டாளத்திலும் இருந்தவர்கள், வெள்ளையர் வீடுகளில் பட்லராகவும் சமையற்காரராகவும் இருந்தவர்கள், ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனவர்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் இருந்தன. அந்தக் கிளைகள்தான் பத்திரிகையின் விற்பனை நிலையங்களும் வாசகசாலைகளும். ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். ஒரு பிரதி ஒரு தெருவுக்குப் போதும். படிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையை வைத்து இந்தப் பத்திரிகைகளின் வீச்சை அளப்பவர்கள் இதனால்தான் தவறுகிறார்கள்.

ஊரின் பிடி விட்ட இடத்தில் காசு பிறந்தது. காசு பிறந்த இடத்திலிருந்து அச்சு வந்தது. அச்சான தாள் திரும்ப ஊருக்கே வந்தது. நமது அச்சு வரலாற்றின் பொருளாதாரம் இவ்வளவுதான்.

அந்த நான்கு பக்கத்தில் என்ன இருந்தது? அரசியல் தலையங்கம், ஊர்ச் செய்தி, வாசகர் கேள்விக்கு விடை, மருத்துவக் குறிப்பு, இலக்கண விளக்கம், சங்கக் கூட்ட அறிவிப்பு, கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தடுத்ததைப் பற்றிய கடிதம். பெண்களும் எழுதினார்கள். 'இந்திரர் தேச சரித்திரம்' தொடராக வந்தது. புத்தரின் வரலாற்றையும் அறத்தையும் தமிழ் நூல்களின் வழியே சொல்லும் 'ஆதிவேதம்' வந்தது. திருக்குறளுக்குப் புதிய உரை வந்தது. அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற வெள்ளையரிடம் பட்லராக இருந்தவர். தன்னிடமிருந்த குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரை பார்வைக்குச் சேரும்படி கொடுத்தவர் அவர் என்று பண்டிதர் எழுதுகிறார். பாட்டன் சுவடியைக் காத்துக் கொடுத்தார். அது அச்சாகும்போது அவர் பெயர் இல்லை. பேரன் அச்சகமே வைத்தார்.

5. மறைந்த காலமும் மீட்ட கைகளும்

பண்டிதர் 1914 மே 5இல் மறைந்தார். அவருடைய மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பிறகு நின்றது. 1920களின் பிற்பகுதியில் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மறுபடி எழுப்பினார். மாரிக்குப்பம் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மலிவு விலையில் பதிப்பித்தது. பூமிக்கடியில் பொன் வெட்டியவர்களின் பணத்தில் அந்தப் புத்தகங்கள் உயிர் வாழ்ந்தன.

அதற்குப் பின் பெரிய மௌனம். திராவிட இயக்கம் பற்றியும் தமிழ் இதழியல் பற்றியும் எத்தனையோ நூல்கள் வந்தன. 'தமிழன்' பெரும்பாலானவற்றில் இல்லை, அல்லது ஒரு வரி. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. அதன் பிறகுதான் பல்கலைக்கழகங்கள் கண் விழித்தன. பின்னர் ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடிப் பட்டியலிட்டார். 'சூரியோதயம்', 'மகாவிகட தூதன்', 'பூலோக வியாசன்' என்று ஒரு நெடிய வரிசை வெளிச்சத்துக்கு வந்தது.

'தமிழன்' நமக்குக் கிடைத்தது. 'பறையன்' இதழ்களின் தொகுப்பு இன்று நம் கையில் இல்லை. ஏழு ஆண்டுகள் வெளிவந்த பத்திரிகையை, அரசு தன் தேவைக்காகச் செய்த மொழிபெயர்ப்புச் சுருக்கங்களிலும், ஆசிரியரே பின்னாளில் எழுதிய சிறு நூலிலும்தான் தேட வேண்டியிருக்கிறது. நம் மக்கள் வைத்துக்கொள்ளவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ஓலைக்கூரையின் கீழ் எந்தக் காகிதம் நூறு மழைக்காலம் தாங்கும்? மனையே சொந்தமில்லாதவர் எங்கே அலமாரி வைப்பார்? சேரி எரிந்தபோதெல்லாம் அரிசியோடு காகிதமும் எரிந்தது. ஆவணம் இல்லாமற்போனதும் நிலம் இல்லாமற்போனதன் தொடர்ச்சிதான்.

6. கேளம்பாக்கத்தில் செய்ய வேண்டியது

பஞ்சமி நிலப் போராட்டத்தில் 1994இல் இந்த மாவட்டம் இரண்டு தோழர்களைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்தது. அந்தப் போராட்டம் நமக்குக் கற்பித்த ஒன்று, காகிதம் இருந்தால் பேச முடியும், இல்லாவிட்டால் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிடுவார்கள் என்பது. இந்தச் சாலையின் இருபுறமும் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. கோவளத்து உப்பளத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கணினி நிறுவன வளாகங்களில் காவலுக்கும் துப்புரவுக்கும் போகிறார்கள். சிலர் உள்ளே பொறியாளராகவும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தகரப் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்தோமா?

மாணவ நண்பர்களுக்கு நான் வைக்கும் வேலைத்திட்டம் சிறியது. பழைய பட்டா, நில ஒதுக்கீட்டு ஆணை, சங்க ரசீது, கூட்டத் துண்டறிக்கை, இரவுப் பள்ளிப் பதிவேடு, அம்பேத்கர் பிறந்தநாள் மலர், சாவு வீட்டில் அச்சிட்ட நினைவுப் பாட்டு எதுவாயினும் தேடுங்கள். உரியவரிடமிருந்து பிடுங்காமல் படமெடுத்துத் திருப்பிக் கொடுங்கள். யார் வீடு, எந்த ஆண்டு, எங்கே அச்சானது என்று குறியுங்கள். அச்சகத்தின் பெயர் தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். 1867 சட்டம் நமக்குச் செய்த ஒரே உதவி அது. ஒரு பிரதியை மன்றத்தில் வையுங்கள், இன்னொன்றை நூலகத்தில் சேருங்கள். இதே சாலையின் மறுமுனையில் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. எழும்பூரில் அரசு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே போகவும், கேட்கவும், பிரதி எடுக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

களத்தோழர்களுக்கும் ஒன்று. இன்று நம் பேச்செல்லாம் பிறருடைய தளங்களில் நடக்கிறது. முகநூலும் யூடியூபும் நம் கையில் இருப்பதுபோல் தோன்றும். கணக்கை முடக்கினால் பத்தாண்டுப் பேச்சு ஒரே இரவில் போய்விடும். வெளி அச்சகத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்ட நான்கு பக்கத்தின் இன்றைய வடிவம் அது. அந்தத் தளங்களைப் பயன்படுத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆண்டுக்கு நான்கு வெளியீடாவது நம் காசில், நம் பெயரில், காகிதத்தில் வரட்டும். சந்தா கட்டுங்கள். இலவசமாக வாங்கும் பழக்கத்தை விடுங்கள். ஒரு பைசா கொடுத்து வாங்கியவர்கள்தான் 'தமிழன்' இதழைத் தாங்கினார்கள்.

இந்த உரை அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அச்சிட்டவர், வெளியிட்டவர், விலை என்று மூன்று வரிகள் இருக்கும். அந்த மூன்று வரிகளுக்காக நம் முன்னோர் நீதிமன்றம் ஏறினார்கள், அபராதம் கட்டினார்கள், சுரங்கக் கூலியில் மிச்சம் பிடித்து அனுப்பினார்கள். படித்து முடித்ததும் பத்திரமாக வையுங்கள். படிக்கத் தெரியாத ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.